இரண்டு கையாலும் செய்யும் அசைவுகளை எப்படிப் பழகுவது? தனித்தனியாகவா, சேர்த்தா?

கேள்வி கேட்டவர் முப்பது வயதைத் தாண்டி மிருதங்கம் தொடங்கியிருக்கிறார். வலது கையை மட்டும் வாசித்தால் சரி, இடது கையை மட்டும் வாசித்தால் சரி, சேர்த்தால் எல்லாம் குழம்பிப் போகிறது என்கிறார். வயது காரணமா, பழகும் முறை காரணமா என்று கேட்டிருக்கிறார்.

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். என் பதில்: முறைதான் காரணம். வலது கைக்கு ஒரு பாடம், இடது கைக்கு ஒரு பாடம் என்று நீங்கள் இரண்டு பாடம் படித்திருக்கிறீர்கள். இருப்பது ஒரே பாடம்தான், அதை இரு கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த ஒரு பாடம் முதலில் வாயில் ஏற வேண்டும்.

ஆரம்பப் பாடமான த, தி, தொம், நம் என்பதையே எடுங்கள். தொம் இடது கைக்கு உரியது, இடது முகமான தொப்பியில் திறந்து ஒலிக்க வேண்டும். அடுத்து வரும் ‘நம்’ வலது முகமான வலந்தலையில். மோதிர விரல் நடுவிலுள்ள கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்தை லேசாகத் தொட்டபடி இருக்க, ஆட்காட்டி விரல் வெளி ஓரத்துத் தோலான மீட்டில் விழ வேண்டும். இரண்டுக்கும் அழுத்தம் வேறு, மணிக்கட்டு வேலை வேறு. தனித்தனியே பழகினால் ஒவ்வொன்றும் வந்துவிடும். ஆனால் தொம் முடிந்து ‘நம்’ தொடங்கும் அந்த இடைவெளியை எந்தக் கையும் பழகியிருக்காது. நீங்கள் தடுக்கி விழுவது அங்கேதான். ‘தொம் நம்’ என்று வாயால் சொல்லும்போது அந்த இடைவெளியும் சேர்ந்தே பாடமாகிவிடுகிறது.

இன்னொரு தடை வேகம். வகுப்பில் விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, வடிவாக வாசிக்கும் பிள்ளை, கெதியாகப் போகச் சொன்னதும் இடது கையையும் வலது கையோடு சேர்த்து அடிக்கத் தொடங்கிவிடும். ‘சேர், கை தன்பாட்டில போகுது’ என்று சொல்லும். பிள்ளை சொல்வது உண்மை. நீங்களே செய்து பாருங்கள்: இரண்டு ஆட்காட்டி விரல்களையும் நீட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் இடப்பக்கம், பிறகு ஒரே நேரத்தில் வலப்பக்கம் என்று ஆட்டுங்கள். மெதுவாக ஆட்டும்போது சிரமமில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வந்து விலகும் ஆட்டத்துக்குத் தானாக மாறிவிடும். ஸ்கொட் கெல்சோ என்ற ஆய்வாளர் 1984இல் இதை அளந்து எழுதினார். இரு கையும் ஒரே தசையை ஒரே நேரத்தில் இயக்குவதுதான் உடம்புக்கு இலகுவான வழி, வேகம் கூடினால் அதில்தான் போய் விழும். மூளையின் இரு பாதியையும் இணைக்கும் நரம்புக் கட்டுக்கும் இதில் பங்குண்டு. சிகிச்சைக்காக அந்தக் கட்டு துண்டிக்கப்பட்டவர்கள் இரு கையாலும் வெவ்வேறு வடிவங்களை ஒரே நேரத்தில் தடுமாறாமல் வரைந்ததை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நம் எல்லோருடைய கைகளும் ஒன்றையொன்று இழுக்கத்தான் செய்யும். வரிசை உறுதியாகும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.

அடிகளை வாயால் சொல்லும் நம் சொற்கட்டு முறையை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீண்ட கோர்வையை, அதாவது கணக்காகக் கோத்த சொல் வரிசையை, யாரும் ஒவ்வொரு அடியாக நினைவில் வைப்பதில்லை. தகிட மூன்று, தகதிமி நான்கு, இரண்டும் சேர்ந்தால் ஏழு என்று துண்டு துண்டாகத்தான் கைக்கு வருகிறது. அசைவு வரிசைகளை ஆராய்ந்தவர்களும் மனிதர்கள் இப்படித்தான் கொத்துக் கொத்தாகக் கற்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் கொத்துகளுக்கு நம் முன்னோர் பெயரே வைத்துத் தந்துவிட்டார்கள், அதுவும் எந்தக் கை எப்போது என்பதையும் உள்ளடக்கி.

பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையில் கம்பு, மற்றக் கை விரல்களில் கூடு எனும் கடினமான உறை. கருவியே வேறு வேறு. ஆனாலும் ஒரே சொல்லைத்தான் இரண்டும் வாசிக்கின்றன. தட்டச்சிலும் இதே கதைதான். நன்றாகத் தட்டச்சு செய்பவர்களிடம் ஒரு கைக்குரிய எழுத்துகளை மட்டும் அடிக்கச் சொல்லி 2009இல் சோதித்தார்கள். அவர்களுடைய வேகம் சட்டென்று குறைந்துவிட்டது. முழுச் சொல்லாக ஓடும் வேலையில் எந்தக் கை எதைச் செய்கிறது என்று கவனிக்க வைத்ததும் ஓட்டம் தடைப்பட்டது.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. ஆறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். வலது கை 1, 3, 5 இல் தொடையில் தட்டட்டும். இடது கை 1, 4 இல். மூன்றுக்கு இரண்டு. இதை ‘வலது மூன்று, இடது இரண்டு’ என்று யோசித்தால் கை நின்றுவிடும். ‘சேர்த்து, வலது, இடது, வலது’ என்று ஒரே வரியாகச் சொல்லிக்கொண்டு தட்டினால் வரும். தனிக்கைப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘நம்’ ஒலிக்கவில்லை, ‘தொம்’ அடைக்கிறது என்றால் அந்தக் கையை மட்டும் எடுத்துத் திருத்துங்கள், ஒலி சரியானதும் உடனே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு நாள் மாலை வராத கோர்வை மறுநாள் காலையில் வருவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கையால் செய்யும் சிறிய வரிசையைவிட இரு கையாலும் செய்யும் ஒன்பது அசைவு வரிசைதான் தூக்கத்துக்குப் பிறகு கூடுதலாகத் தேறியது. அதில் எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு வெறும் ஓய்வால் என்பதில் பின்னர் வந்தவர்கள் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் ஒரேயடியாக நெடுநேரம் உட்கார்வதைவிட நாளுக்கு நாள் பிரித்துப் பழகுவது நல்லது.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். பெரியவர்கள் கணக்கைச் சட்டென்று பிடிக்கிறார்கள், கை ஆறுதலாகத்தான் வரும். பிள்ளைகளுக்கு அநேகமாக மறுபக்கம். எனவே உங்கள் பலத்தைப் பயன்படுத்துங்கள்: பஸ்ஸில் போகும்போதுகூட தாளம் போட்டுச் சொல்லலாம், மிருதங்கம் தேவையில்லை. புதிதாக வகுப்புத் தேடுவதாக இருந்தால், சேர்வதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் பிள்ளைகளை முதலில் வாயால் சொல்லவைத்துவிட்டுப் பிறகு வாசிக்கவிடுகிறாரென்றால் தயங்காமல் சேருங்கள்.