வேலை, வீடு, பிள்ளைகள்: நடுவில் ஆன்லைன் எம்பிஏ முடிக்க முடியுமா?

முப்பது வயதைத் தாண்டியவர், வேலையை விடாமல், குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு ஆன்லைனில் எம்பிஏ முடிக்க முடியுமா, அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் என் பதில் ஆம். எப்படி முடித்தேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு பாம்பன். மண்டபம் பக்கம் ஒரு நண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். 2023 ஜூலையில் சேர்ந்தபோது எனக்கு 34 வயது; மகள் ஆறாவது, மகன் ஒன்றாவது. மதுரைக்குப் போய் நேரில் படிப்பது என்றால் ஒருவழிக்கே சுமார் 150 கிலோமீட்டர். ஆகவே ஆன்லைன்தான் எனக்கு இருந்த ஒரே வழி.

முதல் செமஸ்டரில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறப்பேன். பத்தரைக்குக் கண் சொக்கிவிடும். இரண்டு மாதம் ஓடியும் முதல் பாடத்தின் பாதி ரெக்கார்டிங்கைக்கூடத் தாண்டவில்லை. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகிற நாட்களில் நான் எப்படியும் மூன்று மணிக்கு எழுகிறேன். சாப்பாடு கட்டி, கடுங்காப்பி போட்டு, அவரைக் கரைக்கு அனுப்பிவிட்டு மறுபடி படுப்பேன். எங்கள் பக்கம் விசைப்படகு போகாத நாளில்தான் நாட்டுப்படகு போகும். அப்படி வாரத்தில் மூன்று, நான்கு விடியற்காலை எனக்குக் கிடைத்தது. திரும்பப் படுப்பதை மட்டும் நிறுத்தினேன். மூன்றரையிலிருந்து ஐந்தேகால் வரை வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. சமையலறைத் தரையில் பாயைப் போட்டு, அரிசி டின் மேல் லேப்டாப். அந்த நாட்களில் இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன், பிள்ளைகளோடு சேர்ந்து. நான்கு செமஸ்டரில் மூன்றை அந்த நேரத்தில்தான் படித்தேன்.

ஆகையால் 'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கென்று ஏற்கெனவே ஒரு ஓட்டம் இருக்கும். அதில் நீங்கள் மட்டும் விழித்திருக்கிற நேரம் எது என்று பாருங்கள். பஸ்ஸில் போகிற முக்கால் மணி நேரமாக இருக்கலாம், பிள்ளை டியூஷனில் இருக்கிற ஒரு மணி நேரமாக இருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு, அது உங்கள் படிப்பு நேரம் என்று வீட்டில் எல்லாரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஒளித்து ஒளித்துப் படித்தால் யாருக்கும் தெரியாது, தெரியாததால் யாரும் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தால் பத்து மணிக்கு எனக்கு லைவ் கிளாஸ். ஒரு மணி வரை எதுவானாலும் அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். முதல் மாதம் தகராறுதான். மூன்றாவது மாதம் மகனே தன் கூட்டாளிகளிடம், "எங்கம்மாவுக்கு கிளாஸ், சத்தம் போடாதே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

படிப்பு எப்போது சுலபமானது என்றால், அதை வேலையோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கியபோது. இரண்டாம் செமஸ்டரில் நிதி மேலாண்மைப் பாடத்தில் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாட வியாபாரத்தை ஓட்டப் போட்டுவைக்கிற பணம், வந்தது. ஒன்பது வருஷமாக நான் போடுகிற வவுச்சர்தான் அது! கரையில் நண்டு வாங்கினால் வியாபாரிக்கு அன்றைக்கே காசு கொடுக்க வேண்டும். அவித்து, சதை எடுத்து, டப்பாவில் அடைத்து, கன்டெய்னர் ஏறி, வெளிநாட்டில் வாங்கியவர் பணம் அனுப்பும்வரை பல வாரம் ஆகிவிடும். பணம் கையை விட்டுப் போன நாளுக்கும் திரும்பி வந்த நாளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று ஒரு காலாண்டுக்குக் கணக்குப் போட்டேன். சராசரி 73 நாள். அந்த 73 நாளும் வங்கிக் கடனுக்கு வட்டி ஓடுகிறது. ஒரு சரக்கில் நாம் லாபம் என்று எழுதியதில் எவ்வளவு அந்த வட்டிக்கே போகிறது என்பதைத் தாளில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. இத்தனை வருஷம் எண்களை எழுதியிருக்கிறேன், ஒருநாளும் வாசித்ததில்லை. அசைன்மென்டுக்காகப் போட்ட அந்தக் கணக்கை முதலாளியிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "போன வருஷக் கணக்கையும் இப்படிப் போட்டுத் தாம்மா" என்றார். கடைசி செமஸ்டரில் என் ப்ராஜெக்டும் அதுதான்.

சரி, பட்டத்தின் மதிப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனில் தரும் பட்டம், நேரில் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் அதை மறுபடியும் அறிவித்தார்கள். ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்தப் பருவத்துக்கு அனுமதி என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பதற்காக அதன் எல்லாப் படிப்புக்கும் அனுமதி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2024இலிருந்து சேருகிறவர்கள் முதலில், படித்ததற்கான கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஏபிசி கணக்கு தொடங்கி, அதை வைத்து டெப் ஐடி என்ற அடையாள எண்ணை எடுக்க வேண்டும். அதை நீங்களே எடுத்துவிடலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சேருவதற்கு முன்னால் நானே ஏமாறப் பார்த்தேன். "ஸ்டடி சென்டர்" என்று போர்டு மாட்டிய ஓர் இடத்தில், முழுக் கட்டணத்தையும் ரொக்கமாகக் கட்டினால் பரீட்சையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா அங்கே கட்டிவிட்டு, இன்றுவரை ஒரு மார்க் ஷீட்கூட வாங்கவில்லை. பல்கலைக்கழகங்கள் இப்படித் தனியாரிடம் கிளை விட்டு நடத்துவதற்கே விதியில் இடமில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பணம் கட்டுங்கள், செமஸ்டர் செமஸ்டராகக் கட்டுங்கள். மாதத் தவணை என்று போனில் யாராவது பேசினால், அது உங்கள் பேரில் ஒரு நிதி நிறுவனத்தில் எடுக்கும் கடனா என்று முதலில் கேளுங்கள். எங்கள் வீட்டில் வாடைக்காற்று அடிக்கிற கார்த்திகை, மார்கழியில் கடலுக்குப் போகிற நாள் குறைவு, வருமானமும் குறைவு. டிசம்பர், ஜனவரிக் கட்டணத்துக்கு ஆடி, ஆவணியிலேயே சீட்டுப் பணத்தில் எடுத்து வைத்துவிடுவேன்.

பரீட்சை பற்றி ஒரு விஷயம். நான் படித்த இடத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்து வீட்டிலிருந்தே எழுத வேண்டும். இரண்டாம் செமஸ்டரில் ஒரு தாள் எழுதும்போது மகன் கதவைத் திறந்து உள்ளே வந்து என் பின்னால் நின்றுவிட்டான். தண்ணீர் கேட்கத்தான் வந்தான். அந்தத் தாளின் முடிவை நிறுத்திவைத்தார்கள். நான்கு முறை மெயில் போட்டும் விளக்கத்தை ஏற்கவில்லை, அடுத்த பருவத்தில் மறுபடி எழுதினேன். அன்றைக்கு அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவனைத் திட்டியதுதான் அதைவிட வலிக்கிறது. அதன் பிறகு எல்லாப் பரீட்சையையும் ராமநாதபுரத்தில் அண்ணன் வீட்டு மாடியறையில் எழுதினேன்; அங்கே கேபிள் இன்டர்நெட் உண்டு, இன்வெர்ட்டர் உண்டு, உள்தாழ்ப்பாளும் உண்டு.

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரம்தான் எனக்கு இரண்டு அசைன்மென்டுக்குக் கடைசித் தேதி. கரண்ட் இல்லை, தெருவெல்லாம் தண்ணீர். போனில் மிச்சம் இருந்த சார்ஜில், தேதி முடிவதற்கு முந்தின நாளே ஒரு மெயில் அனுப்பினேன். ஒரு வாரம் கூடக் கொடுத்தார்கள். தேதி தாண்டிய பிறகு கேட்ட என் வகுப்புத் தோழிக்குக் கொடுக்கவில்லை.

சம்பளம் கூடியதா என்று கேட்பீர்கள். முடித்தவுடன் கூடவில்லை. எட்டு மாதம் கழித்துக் கணக்குப் பிரிவை என் பொறுப்பில் விட்டார்கள், அப்போதுதான் கூடியது. இப்போது வங்கி மேலாளர் வந்தால் முதலாளி என்னையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்.

இந்த வருஷம் மகள் ஒன்பதாவது. நான் எழுந்த அதே மூன்றரை மணிக்கு எழுந்து, அதே அரிசி டின் மேல் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். நான் எழுப்புவதில்லை, அவளே அலாரம் வைத்துக்கொள்கிறாள்.