நான் கையெழுத்திடாத அரசியலமைப்பு என்னைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: நான் தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைக்கும் லிபர்டேரியன் கொள்கையை ஏற்பவன். சம்மதமில்லாமல் யாரையும் எதுவும் கட்டுப்படுத்தக் கூடாது என்று நம்புகிறேன். கல்லூரி விவாதத்தில் அரசியலமைப்பு ஆட்சியை ஆதரித்துப் பேச வேண்டியிருக்கிறது. முரண்படாமல் பேச முடியுமா?

பதில்: முடியும். முதலில், எந்த வகை லிபர்டேரியன் என்று சொல்லிவிடுங்கள். அரசே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் போல, பாதுகாப்பு தரும் குறைந்தபட்ச அரசு போதும் என்பவர்களும் உண்டு. உங்களுக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும்.

அப்புறம் சம்மதம். 'எப்போதோ செத்துப்போனவர்கள் எழுதியது என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?' என்ற வாதத்தை அமெரிக்க வழக்கறிஞர் லைசாண்டர் ஸ்பூனர் 1870-ல் முழுமையாக வைத்தார். 'நாட்டில் வாழ்வதே மௌன சம்மதம்' என்ற வழக்கமான பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. அந்தப் பக்கம் போகாதீர்கள். அதே ஸ்பூனர் 1845-ல், அடிமைமுறை அமெரிக்க அரசியலமைப்புக்கே விரோதமானது என்று நூல் எழுதியவர். அரசியலமைப்பை அதிகாரத்துக்கு எதிராகவே பயன்படுத்தலாம் என்பதற்கு அவரே உதாரணம். நீங்கள் வைக்க வேண்டிய வாதம் இதுதான். குடிமகன் கையெழுத்திடவில்லை, சரி. ஆனால் பதவியேற்கும் ஒவ்வொருவரும் அரசியலமைப்பைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்கிறாரே! விரும்பிச் சம்மதித்தவர் அவர்தான். ஆகவே உங்கள் கொள்கைப்படியே அது அவரைக் கட்டுப்படுத்தும்.

எதிரணி விடாது. 'எழுதிவைத்தால் அரசு அடங்கிவிடுமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1942-ல் ஓஹையோ விவசாயி ரோஸ்கோ ஃபில்பர்ன் வழக்கில், சொந்தப் பண்ணைத் தேவைக்கு, அரசு அனுமதித்த அளவுக்கு மேல் கோதுமை விளைவித்ததற்கு விதித்த அபராதம் செல்லும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். அவர் சந்தையில் வாங்காமல் இருப்பது, அவரைப் போன்ற பலரோடு சேரும்போது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாதிக்குமாம். வணிகத்தை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்புப் பிரிவு அவ்வளவு தூரம் நீண்டது. அரசின் அதிகார எல்லையை அரசின் ஓர் அங்கமான நீதிமன்றமே தீர்மானிப்பதுதான் இதில் உண்மையான பலவீனம். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொண்ட கையோடு 2005-ஐ எடுங்கள். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரில், தனியார் பங்கேற்கும் வளர்ச்சித் திட்டத்துக்காக வீடுகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தலாம் என்று அதே நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்காரர்கள் தோற்றார்கள். ஆனால் மக்கள் கொதித்ததில், பெரும்பாலான மாநிலங்கள் நிலம் எடுக்கும் தங்கள் சட்டங்களைத் திருத்தின. சில மாநிலங்கள் தங்கள் அரசியலமைப்பையே திருத்தின. நீதிமன்றம் கைவிட்டாலும், அரசை எழுத்தால் கட்டுப்படுத்த மக்களுக்கு வேறு வழி இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.