ஊசிக்கு யார் காசு தருவார்கள்? – வாசகர் கேள்வி பதில்

குழந்தை உண்டாக வேண்டிச் சிகிச்சை எடுப்பவர்களின் செலவுக் கணக்கைப் பற்றி நீலகிரியிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். சரி, ஊர் மட்டும் போதும். ஐ.வி.எஃப் என்று கடிதங்களில் வருவது, ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, விந்தோடு சேர்த்துக் கருவாக்கி, கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை. ஊசியில் ஆரம்பித்துக் கரு வைப்பது வரை ஒரு சுற்று.

அக்கா, என் வீட்டுக்காரர் குன்னூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். கோவையில் ஐ.வி.எஃப் செய்துகொண்டோம். ஊசி பில், ஸ்கேன் பில் எல்லாம் சேர்த்து ஆபீசில் கொடுத்தால், முன் அனுமதி வாங்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இது நியாயமா? – குன்னூர்

நியாயமோ இல்லையோ, விதி அவர்கள் பக்கம் இருக்கிறது. 2011 நவம்பரில் மத்திய சுகாதாரத் துறை போட்ட உத்தரவுதான் இதற்கெல்லாம் அடிப்படை, மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ் சுகாதாரத் திட்ட அட்டை வைத்திருப்பவர்களுக்கும் சரி, உங்களைப் போல மருத்துவ உதவி விதிகளின்படி ஆபீசில் பில் போடுகிறவர்களுக்கும் சரி. அந்த உத்தரவுப்படி ஒரு சுற்றுக்கு 65,000 ரூபாய் அல்லது ஆன செலவு, இதில் எது குறைவோ அது கிடைக்கும். அதிகபட்சம் மூன்று சுற்று, அதற்கான அனுமதி வாழ்நாளில் ஒரே தடவைதான். தம்பதிக்கு உயிரோடு குழந்தை இருக்கக் கூடாது, மனைவிக்கு 21 முதல் 39 வயதுக்குள் இருக்க வேண்டும், அரசு மருத்துவமனையின் மகப்பேறு டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், அப்புறம் துறையின் அனுமதி.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மருந்து, ஊசி, சிரிஞ்ச், இடையில் எடுக்கும் ஸ்கேன் எல்லாமே அந்த 65,000-க்குள் அடக்கம், ஊசிக்கென்று தனியாக எதுவும் வராது. தனியார் மையத்தில் ஒரு சுற்று ஒன்றரை லட்சத்துக்குக் குறைந்து முடிவது அபூர்வம் என்பதால், அனுமதி கிடைத்தாலும் பாதிக்கு மேல் உங்கள் கையிலிருந்துதான். 2011-இல் வைத்த தொகையை வைத்துக்கொண்டு இன்றைக்கு முட்டை வளரும் ஊசி வாங்கச் சொல்வது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கும் புரியவில்லை.

முடிந்துபோன சுற்றுக்கு இப்போதாவது அனுமதி தரச் சொல்லி மனு கொடுத்துப் பாருங்கள், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். இன்னொரு சுற்று போகிறீர்கள் என்றால் முதலில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிந்துரை வாங்கி, ஆபீசில் மனு போட்டு, உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் முதல் ஊசி. முதல் பில்லின் தேதி உத்தரவின் தேதிக்கு முந்தியிருந்தால் போச்சு. நீங்கள் போகும் மையம் 2021-ஆம் வருடத்துச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவு செய்ததா, ஐ.வி.எஃப்புக்கு உரிய இரண்டாம் நிலைப் பதிவா என்று பார்த்து அதன் நகலையும் வாங்கி வையுங்கள். 'பேக்கேஜ்' என்று ஒற்றை வரியில் தரும் ரசீதை வாங்காதீர்கள். ஊசியின் பெயர், யூனிட், தேதி தனித்தனியாக வேண்டும். அதில் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள், ஐ.வி.எஃப் சேவைக்கு வரி கிடையாது என்று 2022-இலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, வருஷத்துக்கு அஞ்சு லட்சம் என்கிறார்கள். அந்த அட்டையில் குழந்தை ஊசி போட முடியுமா? – பந்தலூர்

முடியாது அம்மா. அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கு. முதல்வர் காப்பீட்டோடு சேர்ந்து ஓடும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலேயே கருத்தரிப்புச் சிகிச்சையை வெளியே வைத்திருக்கிறார்கள். அதற்காக அட்டையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். சினைப்பையில் கட்டி, கர்ப்பப்பையில் கட்டி என்று ஏதாவது இருந்து அதனால்தான் தங்கவில்லை என்றால், அந்த அறுவை சிகிச்சைக்கு அட்டை செல்லும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. உங்கள் வீட்டுக்காரரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் விந்துப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எளிய பரிசோதனைதான், ஆனால் மனைவிக்கு வருஷக்கணக்கில் மாத்திரையும் ஊசியும் போட்ட பிறகு கடைசியில் இதைச் செய்கிற குடும்பங்கள் இன்னும் நிறைய. அவர் மாட்டேன் என்றால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஐ.வி.எஃப்தான் வழி என்று டாக்டர் சொன்னால், அரசு சார்பில் சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. பந்தலூரிலிருந்து எழும்பூர் எவ்வளவு தூரம் என்று நீங்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தினமும் ஊசி, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு ஸ்கேன் என்று ரெண்டு வாரம் அங்கேயே தங்க வேண்டியிருக்கும், அத்தனை நாள் கூலியும் போகும். மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் இந்தச் செலவு எந்தத் திட்டத்திலும் வராது. சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகிற மாநிலம் இது. ஊசியையும் ஸ்கேனையும் ஊட்டியில் முடித்துவிட்டு, முட்டை எடுக்க மட்டும் சென்னை போகிற மாதிரி ஏற்பாடு செய்ய முடியாதா என்ன?

டாக்டர் லெட்ரோசோல் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் இது கேன்சர் மாத்திரை ஆச்சே என்கிறார். பயமாக இருக்கிறது. – கோத்தகிரி

இரண்டுமே உண்மைதான். மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மாத்திரை, முட்டை வளரவும் உதவுகிறது. 2011-இல் இந்தியாவில் இதைக் குழந்தைப்பேறு சிகிச்சைக்குத் தடை செய்து, 2017-இல் தடையை எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் பழைய செய்தியிலேயே நிற்கிறார். டாக்டர் சொன்ன நாளில், சொன்ன அளவு போடுங்கள். மக்கள் மருந்தகத்தில் இதே மருந்தைப் பொதுப் பெயரில் கேட்டால் விலை நன்றாகக் குறையும்.

தனியார் ஹெல்த் பாலிசி வருஷா வருஷம் கட்டுகிறோம். அதில் வருமா? – ஊட்டி

சாதாரண பாலிசியில் வராது. விலக்குகளின் வரிசையில் 17-ஆம் எண்ணைப் பாருங்கள், மலட்டுத்தன்மை சிகிச்சை என்றே இருக்கும். கூடுதல் பிரீமியத்துக்கு இதைச் சேர்த்துத் தரும் பாலிசிகள் சில உண்டு, ஆனால் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். இன்றைக்கு வாங்கி அடுத்த மாதம் ஊசி போட முடியாது.

எங்கள் காலத்தில் கோயிலுக்குப் போனோம், மருந்து சாப்பிட்டோம். பிள்ளை பெறுவது குடும்ப விஷயம், இதற்கு ஏன் அரசாங்கம் காசு தரணும்? – ஒரு மாமியார், கோத்தகிரி

பிள்ளை வேண்டாம் என்பதற்கு அரசாங்கம் எத்தனை வருஷமாகக் காசு தந்தது என்று யோசித்துப் பாருங்கள் அம்மா. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் இலவசம், மேலே ஊக்கத்தொகையும் உண்டு. அப்போது யாரும் குடும்ப விஷயம் என்று சொல்லவில்லை. குழந்தையின்மை ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தப் பிரச்னை வருகிறது என்பது 2023-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு. இஸ்ரேலில் 45 வயது வரை, இரண்டு குழந்தைகளுக்கு, அரசே செலவை ஏற்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம், கோவா மருத்துவக் கல்லூரியில் 2023-இல் இலவச ஐ.வி.எஃப் ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மேடையில் முதல்வர் ஸ்டாலின் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களை வாழ்த்தினார். வாழ்த்து சரி, பெற்றுக்கொள்ள முடியாதவர்களின் ஊசி பில்லையும் மேடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே? உங்கள் மருமகளுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோயிலுக்கும் போங்கள், அவளோடு ஒரு தடவை டாக்டரிடமும் போங்கள்.

கோவையில் ஊசி வாங்கி பஸ்ஸில் கொண்டு வருகிறேன். கெட்டுப்போகாதா? – குந்தா

பெட்டியில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தால் ஐஸ் பேக் வைத்த பையில்தான் வர வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டுகிற வரைக்கும் அடிக்கிற சூடு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள், ஊசியை ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்தால் உறைந்துபோகும், உறைந்தால் அத்தனை ஆயிரமும் வீண். நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் நடுத்தட்டு போதும். நம் ஊர்தான் குளிராச்சே என்று மார்கழியில் ஜன்னலோரம் வைக்கிறவர்களும் உண்டு, உறைபனி விழுகிற ராத்திரியில் அதுவும் தப்பு. பெட்டியில் 25 டிகிரி வரை பரவாயில்லை என்று இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். தினமும் ஊசி போட ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடம் டாக்டர் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், தொப்புள் பக்கத்தில் நீங்களே போட்டுக்கொள்ளவும் சொல்லித் தருவார்கள். காலிப் பெட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள், பில் கேட்கும் இடத்தில் அதையும் கேட்பார்கள். ஊசிமுனையை மட்டும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து அதே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.