குளிரைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள்: மலைத் தோட்டச் சதைப்பற்றுச் செடிகள், கேள்வி-பதில்

வாரம் ஒரு தடவைதான் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் எச்சிவேரியா அடியிலிருந்து அழுகி, தொட்டால் இலை கழன்று விழுகிறது. (குன்னூர் வாசகி)

நீங்கள் விடும் தண்ணீர் கிடக்கட்டும், வானம் விடுவதைக் கணக்கில் சேர்த்தீர்களா? தடித்த இலையில் நீர் சேர்த்து வைக்கும், மெக்சிகோவின் பாறை இடுக்கில் பிறந்த செடி அது. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் துவைத்த துணியே காயாது, தொட்டி எப்படிக் காயும்? அந்த மாதங்களில் வெளிச்சம் படும் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டு, தண்ணீரை மறந்துவிடுங்கள்.

அப்புறம் மண். வெறும் செம்மண் வேரை மூச்சு முட்ட வைக்கும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பொடி ஜல்லி இரண்டு பங்கு. நனைத்து ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாதிரி நின்றால் இன்னும் ஜல்லி போடுங்கள். அழுகிய செடியைத் தண்டு வெளுப்பாகத் தெரியும் வரை நறுக்கி, நான்கைந்து நாள் நிழலில் காய வைத்து, காய்ந்த கலவைமேல் உட்கார்த்தினால் வேர் விடும்.

உறைபனி விழுந்த மறுநாள் ஜேட் செடி வேகவைத்த கீரை போல் ஆகிவிட்டது. பிழைக்குமா? (தலைகுந்தா வாசகர்)

இலைக்குள் இருந்த நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிட்டது. அந்த இலைகள் போனதுதான். தண்டு கெட்டியாக இருந்தால் பிழைக்கும். உடனே வெட்டாமல் பனிக்காலம் முடியட்டும். இனி சாயங்காலமே பழைய சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். இலையில் ஒட்டும் பாலித்தீன் வேண்டாம். பள்ளத்தில்தான் குளிர்காற்று தேங்கும், தொட்டியைச் சுவரோரம் மேட்டில் வையுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் செம்பர்விவம் வளருங்கள். ஐரோப்பிய மலைச்செடி, பனியில் இன்னும் சிவக்கும். பூத்த இலைக்கொத்து மட்டும் செத்துவிடும், பக்கத்துக் குட்டிகள் பிழைக்கும். நோய் என்று நினைத்து நான் ஒரு முறை குட்டிகளோடு பிடுங்கி எறிந்திருக்கிறேன். நீங்கள் காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

ஜன்னலோரச் செடி கொக்குக் கழுத்தாய் நீள்கிறது. உரம் போடவா? (கொடைக்கானல் வாசகி)

வேண்டாம். வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். நீண்டது திரும்பக் குறுகாது. தலையை நறுக்கி நட்டுவிடுங்கள்.

வேலியோரம் ரணகள்ளி நடலாமா? (கோத்தகிரி வாசகர்)

பராமரிப்பே கேட்காது, சரி. ஆனால் விழுந்த இலையின் ஓரமெல்லாம் கன்று முளைத்து, வேலி தாண்டிப் போகும். மாடு தின்றால் இதயத்தைத் தாக்கும் நஞ்சும் உண்டு. பக்கத்து வீட்டில் மாடு இருந்தால் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.