வாசகர் கேள்வி பதில்: ரீலோடிங் மேஜையில கவனம்

கேள்வி: ஷூட்டிங் கிளப்ல மெம்பர், லைசென்ஸ் எல்லாம் முறையா இருக்கு. சொந்தமா தோட்டா ரீலோட் பண்ண, அதாவது சுட்ட கூட்டுல புது மருந்தும் குண்டும் வச்சு திரும்ப தோட்டா செய்ய, இப்பதான் பழகுறேன். போன வாரம் பவுடர் (வெடிமருந்து) போட்டுட்டு இருக்கும்போது போன் வந்துச்சு, பேசிட்டு திரும்பி வந்தா எந்த கேஸ்ல (தோட்டாவோட கூடு) போட்டேன் எதுல போடலன்னு ஒரே குழப்பம். எல்லாத்தையும் கொட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். கிளப்ல சிரிக்கிறாங்க சார், இவ்ளோ பயம் தேவையா?

பதில்: சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், நீங்க செஞ்சதுதான் சரி. கொட்டினதால அரை மணி நேரம் போயிருக்கும், அவ்ளோதான். கொட்டாம "இதுல போட்ட மாதிரிதான் இருக்கு"ன்னு நினைச்சு மேல குண்டை வச்சு அழுத்தியிருந்தா, ஒரு கேஸ்ல பவுடரே இல்லாமலும் இன்னொண்ணுல ரெண்டு மடங்கும் இருந்திருக்கலாம், வெளிய இருந்து பாத்தா ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும்.

ரெண்டு தடவை போட்டா நிரம்பி வழியாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. எல்லா கேஸ்லயும் வழியாது, அதுதான் வில்லங்கமே. 45 கோல்ட் தோட்டாவை எடுத்துக்கோங்க, 1873ல வந்தது, கருமருந்து காலம், அந்த பெரிய கேஸ் நிறைய சுமார் 40 கிரெயின் (பவுடரை எடை போடுற அளவு) கருமருந்து போட்டாங்க. இப்ப நாம போடுற புகையில்லா பவுடர்ல அதே வேலைக்கு ரொம்ப கொஞ்சம் போதும், கேஸோட அடியில கிடக்கும், மேல எல்லாம் காலி இடம். அதுல ரெண்டாவது தடவை போட்டாலும் அமைதியா உள்ள போயிடும், குண்டும் ஒழுங்கா உக்காரும். அதனால புதுசா பழகுறவங்க, கம்பெனிங்க வெளியிட்ட அளவு டேட்டாவுல இருக்கிற பவுடர்களுக்குள்ளேயே, கேஸ்ல பாதிக்கு மேல நிரம்புற மாதிரி ஒண்ணை தேர்ந்தெடுக்கறது நல்லது, அப்போ தப்பித்தவறி டபுள் போட்டா மேஜையில கொட்டி காட்டிக்கொடுத்துடும்.

ஞாபகத்தை நம்பாதீங்க, கண்ணால பாக்குற மாதிரி வேலையை அமைச்சுக்கோங்க. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்னா (ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்ற மெஷின்) பிரைமர் (பவுடரை பத்த வைக்கிற சின்ன மூடி) போட்ட கேஸ் எல்லாத்தையும் ட்ரேயில தலைகீழா வைங்க, ஒவ்வொண்ணா எடுத்து பவுடர் போட்டு வாய் மேல பாக்க வேற ட்ரேயில வைங்க. தலைகீழா இருக்கிற கேஸ்ல பவுடர் இருக்கவே முடியாது இல்லையா. ட்ரே நிறைஞ்சதும் குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒவ்வொரு வரிசையா எட்டிப் பாருங்க, பவுடர் மட்டம் எல்லாத்துலயும் ஒண்ணா தெரியணும், ஒண்ணு ஏறியோ இறங்கியோ தெரிஞ்சா அதையும் அதுக்கு ரெண்டு பக்கத்துல இருக்கிறதையும் எடுத்து எடை போட்டுப் பாருங்க. புரொகிரஸிவ் பிரஸ் (ஒரே இழுப்புல எல்லா வேலையும் அடுத்தடுத்து நடக்குற மெஷின்) வச்சிருக்கவங்களுக்கு இன்னும் கவனம் வேணும், ஏன்னா அங்க கை ஒரு தாளத்துல போயிட்டே இருக்கும், நடுவுல பிரைமர் மாட்டிக்கிச்சுன்னு லிவரை பாதியில நிறுத்தி திரும்ப இழுக்குறப்பதான் டபுள் சார்ஜ் நடக்குது. அங்க ஒரே விதி வச்சுக்கோங்க: ஏதாவது தடங்கல் வந்தா பவுடர் ஸ்டேஷன்ல இருக்கிற கேஸை வெளிய எடுத்து காலி பண்ணிட்டுதான் அடுத்தது. பவுடர் மட்டம் தப்பா இருந்தா லிவரை பூட்டுற டை (பிரஸ்ல மாட்டுற பாகம்), இல்ல சத்தம் போடுற டை கிடைக்குது, வாங்கி மாட்டுங்க, ஆனா அது இருக்குன்னு எட்டிப் பாக்கறதை விட்றாதீங்க. அப்புறம் போனை வேற ரூம்ல வச்சுட்டு உக்காருங்க, டிவி வேண்டாம், தூக்கக் கலக்கத்துலயோ குடிச்சிட்டோ அந்த மேஜை பக்கமே போகாதீங்க.

கேள்வி: என் டிஜிட்டல் தராசு ஒரே அளவை வச்சு எடுத்தாலும் வேற வேற எடை காட்டுது. தராசு போச்சா?

பதில்: மாத்துறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்திட்டு பாருங்க, காத்து பட்டாலே நம்பர் ஆடும். பக்கத்துல செல்போன் இருந்தாலும் சில தராசு தடுமாறும். ஆன் பண்ணி கொஞ்ச நேரம் சூடாக விட்டு, கூட வந்த செக் வெயிட்டை வச்சு சரி பாத்துட்டு ஆரம்பிங்க, நடுவுலயும் முடிவுலயும் திரும்ப வச்சுப் பாருங்க. முக்கியமா திரையில கிரெயின்னு இருக்கா கிராம்னு இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பாக்கணும், 1 கிராம்னா 15.43 கிரெயின், பட்டன் தெரியாம அழுந்தினா கணக்கே தலைகீழ். இதெல்லாம் பண்ணியும் ஆடினா தூக்கிப் போட்டுடுங்க.

கேள்வி: ரேஞ்ச்ல பிஸ்டல் சுடும்போது ஒரு ரவுண்ட் மட்டும் "டொப்"னு சின்னதா சத்தம் போட்டுச்சு, கையில உதையே தெரியல. பக்கத்துல இருந்தவர் "ஸ்லைடை இழுத்துட்டு அடுத்ததை சுடு"ன்னார். சுடலாமா அண்ணா?

பதில்: சுடவே கூடாது தம்பி. இந்த ஒரு விஷயத்துல யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க. பவுடர் இல்லாம பிரைமர் மட்டும் வெடிச்சா அந்த வேகத்துக்கு குண்டு கேஸை விட்டு வெளிய வந்து பேரலுக்குள்ளேயே நின்னுடும், அதுக்குப் பின்னாடி இன்னொரு குண்டு வந்தா பேரல் வீங்கும், இல்ல வெடிக்கும். சத்தம் குறைஞ்சா, உதை குறைஞ்சா, டார்கெட்ல ஓட்டை விழலன்னா, அந்த நொடியே விரலை ட்ரிகர்ல இருந்து எடுங்க. துப்பாக்கி வாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும், 30 செகண்டாவது காத்திருங்க, ஏன்னா தாமதமா வெடிக்கிறதும் உண்டு. அப்புறம் மேகஸின் எடுத்து, சேம்பர் காலின்னு உறுதி பண்ணிட்டு, கழட்டி, பின்பக்கமா இருந்து ராடு விட்டு பேரல் அடைச்சிருக்கான்னு பாருங்க. ரிவால்வர்னா சிலிண்டர் சுத்தாம மாட்டிக்கிட்டா அதுவும் இதே அறிகுறி, பலவந்தமா திருப்பாதீங்க. குண்டு மாட்டியிருந்தா துப்பாக்கி மெக்கானிக் கிட்ட கொடுங்க.

அன்னைக்கு கொண்டு போன அதே பேட்ச் மிச்சம் எதையும் சுடாதீங்க, ஒண்ணு தப்பினா எங்கயோ இன்னொண்ணுல ரெண்டு பங்கு விழுந்திருக்கலாம். சுத்தியல் மாதிரி இருக்கிற புல்லட் புல்லரை வச்சு பொறுமையா எல்லாத்தையும் பிரிங்க, சேஃப்டி கண்ணாடி போட்டுக்கிட்டு.

கேள்வி: நண்பர் ஒருத்தர் தன் ரைஃபிளுக்கு சூப்பரா வேலை செய்ற ரெசிபின்னு, எந்த பவுடர் எவ்ளோ போடணும்னு, மெசேஜ் அனுப்பினார். அப்படியே போடலாமா?

பதில்: வேண்டாம். அவர் நல்ல மனசோடதான் அனுப்பியிருப்பார், ஆனா அது அவர் ரைஃபிள், அவர் கேஸ், அவர் வாங்கின பவுடர் லாட் (ஒரே தடவையில தயாரான தொகுதி). பவுடர் கம்பெனியோ குண்டு கம்பெனியோ வெளியிட்ட டேட்டாவை எடுங்க, முடிஞ்சா ரெண்டு இடத்துல ஒப்பிட்டுப் பாருங்க, ஆரம்ப அளவுல தொடங்கி கொஞ்சம் கொஞ்சமா ஏறுங்க. பேரை எழுத்து எழுத்தா படிக்கணும்: ஐஎம்ஆர் 4831ன்னும் ஹெச் 4831ன்னும் ரெண்டு பவுடர் இருக்கு, நம்பர் ஒண்ணுதான், எரியற வேகம் வேற. மெசேஜ்ல யாராவது வெறும் "4831"ன்னு எழுதினா என்ன அர்த்தம்னு நீங்களே யோசிங்க. கேஸ் மாறினாலும் பிரைமர் மாறினாலும் திரும்ப கீழ இருந்து வரணும், உதாரணத்துக்கு ராணுவ கேஸ் பல சமயம் சுவர் தடிமனா இருக்கும், உள்ள இடம் குறையும், அதே பவுடருக்கு அழுத்தம் கூடும்.

சுட்ட கேஸை தூக்கிப் போடாம கையில எடுத்துப் பாருங்க. பிரைமர் தட்டையா நசுங்கியிருக்கா, போல்ட் தூக்க கஷ்டமா இருந்துச்சா, அடிப்பாகத்துக்கு கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் தெரியுதா. முதல் ரெண்டும் அழுத்தம் கூடிடுச்சுன்னு சொல்லுது, அங்கயே நிறுத்துங்க. அந்த வளையம் கேஸ் அங்க பிச்சுக்கப் போகுதுன்னு சொல்லுது, பேப்பர் கிளிப்பை நிமித்தி நுனியை மட்டும் வளைச்சு உள்ள விட்டு இழுத்தா பள்ளம் விரல்லயே தெரியும்.

மேஜையில எப்பவும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும். வேலை முடிஞ்சதும் ஹாப்பர்ல (பிரஸ்ல பவுடர் நிரப்புற குடுவை) இருக்கிறதை அதே டப்பாவுக்கு கொட்டிடுங்க. நாலு நாள் கழிச்சு வந்து பாத்து இது எந்த பவுடர்னு ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும் அது தோட்டாவுக்குள்ள போகக்கூடாது.

கேள்வி: வீட்ல சின்னக் குழந்தை இருக்கு. அதே ரூம்ல பண்ணலாமா?

பதில்: குழந்தை புழங்குற ரூம்ல வேண்டாம்மா. பூட்டி வைக்கிறதை மட்டும் நினைக்கிறோம், ஆனா ஈயத் தூசியும் இருக்கு. சுட்ட பிரைமரோட மிச்சத்துல பெரும்பாலும் ஈயம் இருக்கும், கேஸ் சுத்தம் பண்ற டம்ளர் மெஷின் ஓடும்போது அது தூசியா கிளம்பும். மூடி போட்டு ஓட்டுங்க, சலிக்கிறதை வெளிய வச்சு பண்ணுங்க, துடைப்பத்தால கூட்டாம ஈரத் துணியால துடைங்க, அந்த மேஜையில சாப்பாடு தண்ணி எதுவும் வேண்டாம், முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவி சட்டையை மாத்திட்டு குழந்தையைத் தூக்குங்க. பிரைமரை கம்பெனி பெட்டியிலேயே வைங்க, கண்ணாடி பாட்டில்ல மொத்தமா கொட்டி வச்சா ஒண்ணு வெடிச்சாலே எல்லாம் சேர்ந்து வெடிக்கும். ஏற்கனவே கொஞ்ச காலமா அதே ரூம்ல பண்ணியிருந்தீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லி உங்களுக்கும் குழந்தைக்கும் ரத்தத்துல ஈய அளவு டெஸ்ட் எடுத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.