‘அபார்ஷன் ஆகிவிட்டது’ என்று டெக்சஸில் சொல்ல வேண்டாம்

கேள்வி: என் மகள் டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறாள், எச்-4 விசா. 9 வாரக் கர்ப்பம். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்தார்கள். எழுதிக் கொடுத்த மாத்திரையை பார்மசியில் தர மறுத்துவிட்டார்கள். அந்த மாநிலத்தில் கருக்கலைப்புக்குத் தடையாமே, இதற்கும் பொருந்துமா? இங்கிருந்து மாத்திரை வாங்கி அனுப்பலாமா? (ஒரு தாய், கோவை)

பதில்: தடை உங்கள் மகளுக்குப் பொருந்தாது. மாத்திரை அனுப்பாதீர்கள்.

எதெல்லாம் கருக்கலைப்பு என்று டெக்சஸ் சட்டமே வரையறுத்திருக்கிறது (சுகாதாரச் சட்டத் தொகுப்பு, பிரிவு 245.002). தானாகவே உயிரிழந்துவிட்ட கருவை அகற்றுவது கருக்கலைப்பு ஆகாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கருக்குழாயில் தங்கிய கருவை எடுப்பதும் அப்படித்தான். இதை எல்லோரும் ‘விதிவிலக்கு’ என்கிறார்கள், அதுதான் குழப்பத்தின் தொடக்கம். விதிவிலக்கு என்றால் யாரோ பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று தோன்றும். இங்கே அனுமதிக்க ஒன்றுமே இல்லை. நீதிமன்ற உத்தரவு, மருத்துவமனைக் குழுவின் ஒப்புதல், கணவர் கையெழுத்து எதையும் இந்தச் சட்டம் கேட்கவில்லை. உங்கள் மகளுக்குத் தேவைப்படுவது தடைக்குள்ளேயே வராத சாதாரண சிகிச்சை.

அப்புறம் ஏன் தயங்குகிறார்கள்? 2022 ஆகஸ்ட் 25-இல் அமலுக்கு வந்த தடைச் சட்டம் மருத்துவரைக் குறிவைக்கிறது: ஆயுள் வரை சிறை, குறைந்தது 1,00,000 டாலர் அபராதம், உரிமம் பறிபோகும். கர்ப்பிணிக்குத் தண்டனை கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் இப்படி ஒரு கத்தியை மருத்துவர்களின் தலைக்கு மேல் தொங்கவிட்டால் ஆஸ்பத்திரி நிர்வாகமும் பார்மசியும் தேவையில்லாத இடத்திலும் பின்வாங்கத்தான் செய்யும். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

முதல் ஒரு வாரக் காத்திருப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பில்லை என்றால்தான் ஒரே ஸ்கேனில் உறுதியாகச் சொல்வார்கள். அதைவிடச் சிறிதாக இருந்தால் 7 முதல் 10 நாள் விட்டு மறுபடி பார்ப்பது சரியான மருத்துவம். உறுதி செய்த பிறகும் அலைக்கழிப்பதற்குத்தான் காரணமே கிடையாது.

இனி அந்தச் சொல். நம்மூரில் கரு தானாகக் கலைந்தாலும் ‘அபார்ஷன் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்கிறோம். டெக்சஸில் வரவேற்பு மேசையில் அதைச் சொன்னால் வேறு அர்த்தம். ‘மிஸ்கேரேஜ்’ என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர்களும் சளைத்தவர்கள் அல்ல. துடிப்பு நின்று உள்ளேயே தங்கிய கருவுக்கு அவர்கள் ஏட்டில் பெயர் ‘மிஸ்டு அபார்ஷன்’, நோய்க் குறியீடு O02.1 (முதலில் வருவது ஆங்கில எழுத்து ‘ஓ’). பார்மசிக்காரரும் இன்ஷூரன்ஸ்காரரும் ‘அபார்ஷன்’ என்ற சொல்லைப் பார்த்தே கையை எடுத்துவிடுகிறார்கள். அதனால் மருந்துச் சீட்டிலேயே ‘மிஸ்கேரேஜ் சிகிச்சைக்காக’ என்று எழுதி, அந்தக் குறியீட்டையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். அப்படியும் மறுத்தால் மருத்துவரின் அலுவலகம் பார்மசிஸ்டிடம் நேரடியாகப் பேசட்டும். அதற்கும் மசியாவிட்டால் சீட்டை வேறு பார்மசிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே கவுண்டரில் நின்று வாதாடி நாளைக் கடத்த வேண்டாம்.

வழக்கமான மருந்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம். அதற்கு ஒரு நாள் முன்பு மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் கொடுத்தால் முழுமையாக வெளியேறும் வாய்ப்பு கூடும். மருந்தே வேண்டாம் என்றால் உறிஞ்சி எடுக்கும் சிறு சிகிச்சை இருக்கிறது, சில நிமிடங்களில் முடியும். தானாக வெளியேறக் காத்திருப்பதும் ஒரு வழி, ஆனால் வாரக்கணக்கில் இழுக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். 1986-ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டப்படி அவர்கள் பரிசோதித்து, நிலைமையைச் சீராக்கியே ஆக வேண்டும்.

இரண்டு பொறிகள். ‘இலவச ஸ்கேன், கர்ப்ப ஆலோசனை’ என்று பலகை மாட்டிய இடங்களில் பெரும்பாலானவை மருத்துவமனையே அல்ல. கருக்கலைப்பைத் தடுப்பதற்காக நடத்தப்படுபவை. சிகிச்சை தரமாட்டார்கள், உங்கள் மகளின் நாட்கள் வீணாகும். மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் ரகசியக் காப்புச் சட்டம் இவர்களில் பலரைக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே பெயரும் போன் நம்பரும் கொடுப்பது எனக்குச் சற்றும் சம்மதமில்லை.

இரண்டாவது, ‘ஊரிலிருந்து மாத்திரை கிட் வரவழைத்துத் தருகிறேன்’ என்னும் வாட்ஸ்அப் ஆசாமிகள். கருக்கலைப்பு மாத்திரையை டெக்சஸுக்கு அனுப்புவோர், கொண்டு வருவோர் மீது குறைந்தது 1,00,000 டாலர் கேட்டுத் தனிநபரே வழக்குப் போடலாம் என்று 2025 டிசம்பர் 4 முதல் சட்டம் இருக்கிறது. மிஸ்கேரேஜ் சிகிச்சைக்கான மருந்து அதில் வராது. ஆனால் சீட்டில்லாமல் சூட்கேஸில் வந்த மாத்திரை அட்டை எதற்கானது என்று யார் நிரூபிப்பது? தாயாகப் பதறும் உங்களைத்தான் இந்த இடைத்தரகர்கள் முதலில் பிடிப்பார்கள்.

கருவுக்குத் துடிப்பு இருக்கும்போதே பனிக்குடம் உடைந்தால் கதை வேறு. அங்கே தாயின் உயிருக்கு ஆபத்து என்ற விதியைத்தான் நம்ப வேண்டும். ஆபத்து தலைக்கு மேல் வரும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை என்று 2025 ஜூனில்தான் திருத்தினார்கள். அதற்குள் எத்தனை பெண்கள் விமானம் ஏறி வேறு மாநிலம் போனார்கள்! உங்கள் மகளுக்கு அந்த நிலை இல்லை.

இரண்டு ஸ்கேன் அறிக்கைகளையும் தேதியோடு போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்தவகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி (அடுத்த கர்ப்பத்தில் ரத்தவகைச் சிக்கல் வராமல் காப்பது) தேவையா என்று அதே மருத்துவரிடம் கேட்க வேண்டும், அவசரத்தில் அது விட்டுப்போகும்.