பாத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 33. பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவள். கணவர் டாக்டர். நியூயார்க்கில் ரெசிடென்சி பயிற்சி முடிக்கும்வரை மூன்று வருடம் குவீன்ஸில் இருந்தோம். ஜே-1 விசாவில் வந்த டாக்டர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும். அதிலிருந்து விலக்கு வேண்டுமென்றால் டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். அப்படித்தான் போன ஜூலையில் அலபாமாவின் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்ன ஊருக்கு வந்தோம். டோத்தன் நகரம் முக்கால் மணி நேரம். சுற்றிலும் கடலை, பருத்தி, பைன் மரம். பக்கத்தில் என்டர்பிரைஸ் என்று ஓர் ஊர். பருத்தியைத் தின்ற வண்டுக்கு அங்கே நடுத்தெருவில் சிலை வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் அதைப் படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பி, "எங்க வந்து மாட்டிக்கிட்டேன் பாரு" என்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

இங்கே எதுவுமே நகர மாட்டேன் என்கிறது. ஏசி ரிப்பேர்காரர் "சாயந்திரம் வரேன்" என்றார். எந்தச் சாயந்திரம் என்று சொல்லவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்காரரும் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கிக் கும்பிடு போடுவதுபோல் அசைக்கிறார், முன்பின் தெரியாதவர்கூட. குவீன்ஸில் 7ஆம் நம்பர் ரயிலில் நின்றுகொண்டே தூங்கிய நாட்களும், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசையும் கனவில் வருகின்றன.

அக்டோபரில் ஒருநாள் மளிகைக் கடையில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். எனக்கு முன்னால் ஒரு தாத்தா. கல்லாவில் இருந்த பெண் அவர் மனைவியின் முழங்கால் ஆபரேஷனை விசாரிக்க, அவர் ஆஸ்பத்திரிச் சாப்பாடு, பேரன் ஆடும் ஃபுட்பால், நாயின் காது வலி என்று போய்க்கொண்டே இருந்தார். பின்னால் நாலு பேர். யாருக்கும் அவசரமில்லை. எனக்குத் தாங்கவில்லை. "கொஞ்சம் சீக்கிரம் முடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். கடையே அமைதியாகிவிட்டது. தாத்தா தொப்பியைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ப்ளெஸ் யுவர் ஹார்ட்" என்றாள். வாழ்த்துகிறாள் என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன்! அது திட்டு என்று கணவரின் கிளினிக் நர்ஸ் பிறகு சொன்னார். அந்தத் தாத்தா என் கணவரின் பேஷன்ட். அதன் பிறகு அந்தக் கடைக்குப் போகவே இல்லை. எல்லாம் கணவர்தான் வாங்கி வருகிறார்.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மா, ஓய்வுபெற்ற டீச்சர். குடிவந்த மூன்றாம் நாள் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் கேசரோல் என்ற பதார்த்தம் கொண்டுவந்தார். மாட்டிறைச்சி போட்டது. நாங்கள் சாப்பிடுவதில்லை. கொட்டிவிட்டேன். பாத்திரத்தை எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் ஒன்பது மாதமாக அலமாரியில் வைத்திருக்கிறேன். போன மாதம் சூறாவளி சைரன் ஊதியது. மகளோடு குளியலறையில் பதுங்கியிருந்தபோது அவர்தான் போன் செய்து, "எங்க ஷெல்டருக்கு வந்துடு" என்றார். வேண்டாம் என்றேன்.

யாரைப் பார்த்தாலும் "எந்த சர்ச்சுக்குப் போறீங்க?" என்கிறார்கள். இந்து என்றால் ஒரு நொடி மௌனம். ஐந்து வயது மகள் என்னையே "யெஸ், மேம்" என்கிறாள். கணவர் தேனிப் பக்கம். "எங்க ஊர் மாதிரியே இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்கிறார். ஊரே அவரை "டாக்" என்று கொண்டாடுகிறது. குவீன்ஸில் நான் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தேன், விசா மாறியதும் அது போய்விட்டது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு மறுபடி படுத்தால் பதினோரு மணிக்குத்தான் எழுகிறேன். இந்த மந்தமான வாழ்க்கைக்கு எப்படிப் பழகுவது? இல்லை, மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கே போய்விடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அலபாமா

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மளிகைக் கடைக்கு ஒரு முழுப் பத்தி. கண்ணாடிப் பாத்திரத்துக்கு ஒன்று. வேலை போனதற்கு ஒரே ஒரு வரி, கார் ஓட்டத் தெரியாததற்கு அதிலும் பாதி. எனக்கு அந்த ஒன்றரை வரிதான் கடிதமாகப் படுகிறது.

ஊர் மெதுவாக இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் உங்களை நிறுத்தி வைத்தது ஊர் இல்லை. ஜே-1காரரின் மனைவிக்குத் தரும் ஜே-2 விசாவில் அனுமதி வாங்கி வேலைக்குப் போக முடிந்தது. கணவர் எச்-1பி வேலை விசாவுக்கு மாறி, நீங்கள் மனைவிக்கான எச்-4 ஆனதும் அது போயிற்று. உங்கள் படிப்பும் திறமையும் அப்படியேதான் இருக்கின்றன, காகிதத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டது. கணவருக்கு இந்த மூன்று வருடம் சேவைக் கணக்கில் ஏறுகிறது. உங்களுக்கு வெறும் காத்திருப்பு. வேலை போனால் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. அதனால் நமக்கே அது துக்கம் என்று தெரியாமல், ஏசி ரிப்பேர்காரர்மேல் கோபமாக வெளியே வருகிறது.

முதலில் லைசென்ஸ். நாட்டுப்புற அலபாமாவில் காருக்கும் காலுக்கும் வித்தியாசமில்லை. உங்களுக்குக் கால் இல்லை, ஊர் நகரவில்லை என்று குறைப்படுகிறீர்கள். (கணவரிடம் மட்டும் கார் ஓட்டக் கற்காதீர்கள். பல குடும்பங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.) எச்-4இல் சம்பளம்தான் வாங்கக் கூடாது, படிக்கத் தடையில்லை. கணக்கியலில் அடுத்த படிப்புக்கு இதுதான் நேரம். கணவரின் கிரீன் கார்டு மனுவில் ஐ-140 என்ற கட்டம் ஏற்கப்பட்டுவிட்டால், 2015 முதல் உள்ள விதிப்படி நீங்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதை எப்போது தொடங்க முடியும் என்று வக்கீலிடம் கேட்கும்போது நீங்களும் கூட உட்காருங்கள். டாக்டர் வந்து சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி அந்தக் கல்லா. அது தாமதமில்லை, விசாரிப்பு. ஆஸ்பத்திரி தூரமாகவும் ஆள் குறைவாகவும் உள்ள ஊரில் யாருக்கு ஆபரேஷன், யார் தனியாக இருக்கிறார், யாருக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் தெரியவரும். பெரம்பூரில் அண்ணாச்சி கடையில் உங்கள் அம்மா அரைக் கிலோ துவரம்பருப்புக்கு எவ்வளவு நேரம் நின்றார் என்று நினைத்துப் பாருங்கள். "ப்ளெஸ் யுவர் ஹார்ட்" திட்டு மட்டுமில்லை. நம்மிடம் "நல்லா இருப்பே" இருக்கிறதே, அந்த மாதிரி. யார், எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து வாழ்த்து, வசவு இரண்டுமாகும். மறுபடி அந்தக் கடைக்குப் போங்கள். "அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன், அந்தப் பெரியவர் மனைவி எப்படி இருக்காங்க?" என்று கேளுங்கள். விசாரித்தால் போதும், மன்னிப்பு அதற்குள் அடங்கிவிடும்.

சர்ச் விஷயத்தை அவ்வளவு லேசாக விட மாட்டேன். அங்கே சர்ச்சுதான் கல்யாண மண்டபம், அன்னதானக் கூடம், பாதி உறவுமுறை. ஆகவே அந்தக் கேள்வி பெரும்பாலும் நம் "எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளை?"தான். ஆனால் நம் கேள்விக்கு அடியில் என்ன ஒளிந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா? மான்ட்கோமரியில் 1955இல் கறுப்பின மக்கள் நிற ஒதுக்கலை எதிர்த்துப் பஸ்ஸைப் புறக்கணித்ததும், 1965இல் ஓட்டுரிமை கேட்டுச் செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்கள் அடிபட்டதும் உங்கள் மாநிலத்தில்தான். ஆகவே அந்த ஒரு நொடி மௌனத்தில் உங்கள் உடல் இறுகுவதை வெறும் பிரமை என்று சொல்ல மாட்டேன். கணவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். வெள்ளைக் கோட்டுக்குக் கிடைக்கும் மரியாதையை வைத்து அவர் ஊரை அளக்கிறார், நீங்கள் கோட்டில்லாமல் நிற்கிறீர்கள். பதிலை மட்டும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "நாங்க இந்து, எங்க கோயில் அட்லாண்டா பக்கம் ரிவர்டேல்ல இருக்கு, முடியும்போது போவோம்." அதற்குமேல் இழுப்பவரிடம் வானிலை பற்றிப் பேசலாம். அந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

"எங்க ஊர் மாதிரியே இருக்கு" என்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தேனியில் அவர் அம்மா எப்போதாவது சும்மா உட்கார்ந்திருந்தாரா? கிராமத்து நிதானம் என்பது திண்ணையில் இருப்பவருக்கு. அடுப்படியில் இருப்பவருக்கு அது எப்போதும் ஓட்டம்தான். உங்களுக்குத் திண்ணையும் இல்லை, அடுப்படி ஓட்டமும் இல்லை, வெறும் வீடு. இதைச் சண்டையாக இல்லாமல், அவர் லீவு நாளில் ஒரு மணி நேரம் போனை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

பதினோரு மணித் தூக்கத்தை நான் சோம்பல் என்று எடுக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருந்து, பிடித்ததிலும் நாட்டம் போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. கணவரின் கிளினிக்கில் காட்டாதீர்கள், நாலாம் நாள் மளிகைக் கடைக்குத் தெரிந்துவிடும். அலபாமாவில் உரிமம் பெற்ற ஆலோசகர்கள் வீடியோவிலும் பார்ப்பார்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் 988 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

சென்னைக்குப் போகலாமா என்றால், கோடை விடுமுறைக்குத் தாராளமாகப் போங்கள். முடிவெடுத்துவிட்டுப் போகாதீர்கள், போய்விட்டு வந்து முடிவெடுங்கள். ஒன்று கவனம்: அமெரிக்காவுக்குள்ளேயே விசா நிலை மாறியிருந்தால் பாஸ்போர்ட்டில் எச்-4 முத்திரை இருக்காது. திரும்புவதற்கு முன் தூதரகத்தில் வாங்க வேண்டும். அந்தத் தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் சென்னையில் தவித்தவர்கள் உண்டு. தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.

கடைசியாகப் பாத்திரம். அதுவும் அதன் சொந்தக்காரரும்தான் உங்களுக்கு அந்த ஊரில் இருக்கும் ஒரே வாசல் என்று எனக்குத் தோன்றுகிறது. சைரன் ஊதும்போது உங்களை நினைத்தவர் அவர். ஷெல்டருக்கு வேண்டாம் என்றது அவரையா, அலமாரியில் இருக்கும் அந்தக் கண்ணாடியையா? பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம் மட்டுமில்லை, அங்கும் அப்படித்தான். காராமணிச் சுண்டல் வைத்துக் கொடுங்கள். எங்கள் பக்கம் தட்டாம்பயறு என்போம். அதிர்ஷ்டம் வரும் என்று அவர்கள் புத்தாண்டன்று சாப்பிடுகிற அதே பயறுதான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்து அந்த மண்ணில் வேர்விட்ட பயிர் அது, வெண்டைக்காயும் அப்படியே. தேங்காய்த் துருவலையும் கடுகையும் பார்த்து அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம், அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

பேச்சுக்கு விஷயம் வேண்டுமா? அந்த வண்டுச் சிலையைப் பற்றிக் கேளுங்கள். பருத்தியை வண்டு தின்று தீர்த்ததால் கடலைக்கு மாறிப் பிழைத்த ஊர்மக்கள் 1919இல் வைத்தது. ஊர்க்காரர் சொன்னால் முக்கால் மணி நேரம் ஓடும். இதை வைத்து உங்களுக்குப் பாடம் எடுக்கும் எண்ணமில்லை. பாத்திரத்தைக் கொடுத்தவுடன் வாசலிலேயே திரும்பிவிடாமல் உட்கார ஒரு சாக்கு, அவ்வளவுதான். டீச்சராக இருந்தவர், பொறுமை இருக்கும். கார் ஓட்டச் சொல்லித்தருவாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

லைசென்ஸ் கிடைத்ததும் எழுதுங்கள். சுண்டல் என்ன ஆயிற்று என்பதையும்.